மரத்துக்குள் ஞாயிற்றைத் தேடியவர்

முதலில் என் சொந்தக் கதை சிறிது. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் நாங்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுரை எழுதித் தரவேண்டும். நான் தேக்குக் கட்டைகள் சிலவற்றின் ஆண்டு வளையங்களை அளக்கத் துணிந்தேன். ஞாயிற்றின் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன அல்லவா? அந்த ஏற்ற இறக்கம் வளையங்களிலும் உண்டா என்று பார்ப்பதே என் நோக்கம். நான்கு திங்கள் உருப்பெருக்கியின் முன் குனிந்திருந்ததில் கழுத்துவலி கண்டது, சுழற்சி கண்டிலேன். சில அளவுகளை மட்டும் விட்டுவிட்டால் சுழற்சிபோல ஒன்று தெரியத்தான் செய்கிறது. விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன், மறைப்பானேன்? அந்த நாள்களில்தான் இத்துறையின் தந்தை எனப்படும் ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸின் வாழ்க்கையைப் படித்தேன். நான் தேடிய அதே பொருளை அரை நூற்றாண்டுக்கு மேல் தேடியவர் அவர்.

1867இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். அவர் கற்றது மரநூல் அன்று, வானநூல். ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தின் பணியாளராகப் பெரு நாட்டு மலைகளுக்குச் சென்று வந்தார். 1894இல் பெர்சிவல் லோவெல் என்ற பாஸ்டன் செல்வர், செவ்வாய்க் கோளை ஆராய ஒரு நிலையம் அமைக்க இடம் தேடுமாறு அவரை அரிசோனாவுக்கு அனுப்பினார். பிளாக்ஸ்டாஃப் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தவர் டக்ளஸே.

செவ்வாயில் அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் ஓடுகின்றன என்பது லோவெலின் உறுதியான நம்பிக்கை. டக்ளஸும் முதலில் கோடுகளைக் கண்டு வரைந்தவர்தாம். ஆயினும் ஐயம் விடவில்லை. கோள்போன்ற வட்டுகளைத் தொலைவில் நிறுத்தித் தொலைநோக்கியால் பார்த்தார். அவற்றில் இல்லாத கோடுகளும் கண்ணுக்குத் தோன்றின! இதையும், முதலாளி முடிவை முன்னே வைத்துக்கொண்டு சான்றைப் பின்னே தேடுகிறார் என்ற குறையையும், லோவெலின் மைத்துனருக்குக் கடிதமாக எழுதினார். கடிதம் லோவெலின் கைக்குப் போயிற்று. 1901இல் வேலையும் போயிற்று.

முப்பத்து நான்கு வயது. கையில் தொழில் இல்லை. எனினும் டக்ளஸ் பிளாக்ஸ்டாஃபை விட்டுப் போகவில்லை. உயில் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாகத் தேர்தலில் நின்று வென்றார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஸ்பானிய மொழி கற்பித்தார். அக்காலத்தில் காட்டுவழியே வண்டியில் செல்கையில் ஓர் எண்ணம் உதித்தது. வறண்ட அரிசோனாவில் மரத்தின் வளர்ச்சியை அளப்பது மழை. மழையை ஞாயிறு ஆளுமானால், கரும்புள்ளிகளின் கணக்கை மரம் எழுதி வைத்திருக்க வேண்டும் அன்றோ?

வளையம் எப்படி உண்டாகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வசந்தத்தில் பைன் மரம் பெரிய, மெல்லிய சுவருடைய உயிரணுக்களை ஆக்குகிறது, அப்பகுதி வெளிறியிருக்கும். பருவம் முடியும்போது உயிரணுக்கள் சிறுத்துத் தடிக்கின்றன, அப்பகுதி கருமையாகும். வெளிறியதும் கரியதும் சேர்ந்து ஓர் ஆண்டு. மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் மயிரிழையாக ஒடுங்கும். சில கொடிய ஆண்டுகளில் வளையமே தோன்றாது. ஆகவே வெறுமனே எண்ணிக்கொண்டு போனால் கணக்குத் தவறும்.

1904இல் மரவாடிகளில் அடிமரத் துண்டுகளை ஆராயத் தொடங்கினார். எல்லாத் துண்டுகளிலும் ஒடுங்கிய வளையங்கள் ஒரே வரிசையில் வந்தன. ஒருநாள் பழைய அடிக்கட்டை ஒன்றைக் கண்டார். அதே வரிசை, ஆனால் பட்டைக்குப் பத்து வளையம் அருகில் இருந்தது. இது 1894இல் வெட்டிய மரம் என்றார். நிலத்துக்குரியவர் வியந்து, ஆம் என்றார். 1906இல் டூசான் நகரிலுள்ள அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1911இல் நெடுந்தொலைவிலுள்ள பிரெஸ்காட் மரங்களிலும் அதே வரிசை கிடைத்தது. குறுக்கே பொருத்திக் காலம் காணும் இம்முறையே இத்துறையின் முதுகெலும்பு.

புகழ் வந்தது வேறு வழியில். அங்கே பழங்குடி மக்கள் கல்லால் கட்டிய பெரிய குடியிருப்புகள் பாழாய்க் கிடந்தன; அவற்றின் வயது ஒருவருக்கும் தெரியாது. உத்தரக் கட்டைகளைக் கொண்டு வயது காணுமாறு அருங்காட்சியகத்தார் டக்ளஸை வேண்டினர். பாழூர்க் கட்டைகள் தமக்குள் பொருந்தி 585 ஆண்டுத் தொடராயின. ஆனால் அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது? இன்றைய மரங்களிலிருந்து பின்னோக்கிச் சென்ற தொடரோ 1260உடன் நின்றது. இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. 1929 ஜூன் 22இல் ஷோ லோ என்ற ஊரில் கரிந்த கட்டையொன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதற்கு எச்.எச்.39 என்று எண்ணிட்டனர். அதன் உள்வளையம் 1237. அன்றிரவு டக்ளஸ் அதைப் பழைய தொடரோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்திவிட்டது. இடைவெளி என்று ஒன்று இருக்கவேயில்லை. 1276 முதல் 1299 வரை நீண்ட பெருவறட்சியில் வளையங்கள் மிக ஒடுங்கியிருந்ததால் இரு தொடரும் தொட்டுக்கொண்டிருந்ததை உறுதிசெய்ய முடியாமல் இருந்தது. அந்த ஒரே இரவில் பல பாழூர்கள் தம் ஆண்டுகளைப் பெற்றன. எனக்கு இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

1937இல் பல்கலைக்கழகம் மரவளைய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அவருக்கு அமைத்துத் தந்தது. கால்பந்து அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் 2013 வரை நீடித்தது! நம் விடுதி உணவுக்கூடத்தின் தகரக் கொட்டகை நினைவுக்கு வருகிறதல்லவா?

ஆனால் அவர் தேடியது கிடைத்ததா? தட்பவெப்பச் சுழற்சியும் மரவளர்ச்சியும் பற்றி 1919, 1928, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருநூல்கள் வெளியிட்டார். 1645 முதல் 1715 வரை கரும்புள்ளிகள் அரிதாகவே இருந்தன என்று 1922இல் மாண்டர் என்ற வானநூலார் அவருக்கு எழுதினார். அக்காலத்து வளையங்களில் தம் சுழற்சி மங்கியிருந்ததை முன்பே கண்டிருந்த டக்ளஸ் அதைப் பெருஞ்சான்றாகக் கொண்டார். பிறர் ஏற்கவில்லை. வளைய அகலத்தில் பதினோராண்டுச் சுழற்சி ஐயமற நிறுவப்படாமலே 1962 மார்ச் 20இல், தொண்ணூற்று நான்கு வயதில் காலமானார்.

லோவெலின் குறையைக் கண்டவர், தாமும் முடிவை முன்னே வைத்துக்கொண்டாரா? ஓரளவு ஆம் என்றே நினைக்கிறேன். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் கட்டைகளை எறியவில்லை, அளவுகளை ஒளிக்கவில்லை. எவரும் மீண்டும் அளக்கலாம். 2010இல் புணே ஆய்வாளர்கள் கேரளத் தேக்கின் 523 ஆண்டு வளையங்களில் பருவமழை பொய்த்த ஆண்டுகளைக் கண்டது அவர் வகுத்த முறையால்தான். இன்னொரு செய்தியும் உண்டு. 2021இல் வளையங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றிலுள்ள கதிரியக்கக் கரியை அளந்தபோது, ஆயிரம் ஆண்டுக்கும் ஞாயிற்றின் பதினோராண்டுச் சுழற்சி தென்பட்டது. அகலத்தில் அன்று, அணுவில் இருந்தது.

என் கட்டைகளில் அதை அளக்கும் கருவி எங்கள் துறையில் இல்லை. ஆய்வுரையைப் பங்குனியில் கொடுத்துவிட்டேன். எல்லா அளவுகளும் அதில் உள்ளன, சுழற்சி காணப்படவில்லை என்ற வரியும் உள்ளது. வாய்மொழித் தேர்வு அடுத்த திங்கள்.