திரும்பி வந்த கட்டுரை

சேரன்மகாதேவியில் நம்மோடு படித்த சிலர் இப்போது ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறார்கள். திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால் சோர்ந்து போயிடறாங்க. அவர்களுக்காகக் கணிதமேதை இராமானுஜன் கதையைச் சொல்கிறேன்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். நிலையான வேலையும் இல்லை. அந்த நிலையில்தான் பெர்னூலி எண்கள் பற்றி எழுதி, இந்தியக் கணிதச் சங்க இதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கு முறை புதுசாகப் பட்டது. ஆனால் விளக்கம் போதவில்லை, படிப்பவருக்குப் புரியாது. கட்டுரை போவதும் வருவதுமாக இருந்து, 1911-ல் அச்சேறியது.

அடுத்த ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தா வேலை, 1914-ல் கேம்பிரிட்ஜ், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல், 32 வயதிலேயே மறைந்தார்.

அவருக்கே திருத்தம் கேட்டார்கள் என்றால், நமக்குக் கேட்பதில் என்ன குறைச்சல்? திருத்தி அனுப்புங்க நண்பர்களே!