வனவிலங்குகளின் கணக்கர்

ஒரு தேசத்தின் செல்வத்தைக் கணக்கிடுவோர் பொன்னையும் நெல்லையும் எண்ணுவர். கானகப் பிராணிகளையும் அச்செல்வத்தில் சேர்த்துக் கணக்கெழுதிய தமிழர் மா. கிருஷ்ணன்.

பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் கடைசிக் குமாரராக 1912-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். சென்னையில் தாவர சாஸ்திரமும் பின்னர் சட்டமும் பயின்றார். 1942-இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் அமர்ந்து, உபாத்தியாயராகவும் நீதிபதியாகவும் மகாராஜாவின் காரியதரிசியாகவும் பணியாற்றினார். 1949-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, மாதச் சம்பளத்தை நாடாது எழுதுகோலையும் காமிராவையுமே ஜீவனோபாயமாகக் கொண்டார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள், 1996 பிப்ரவரி 18-இல் அவர் காலமாகும் வரை வெளிவந்தன.

ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் சொந்த மரங்களிலும் மிருகங்களிலும் உறைவது என்பது அவர் கொள்கை. அந்நிய மரங்களை நம் காடுகளில் நடுவதை அவர் ஓயாது கண்டித்ததும் இதனாலேயே.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1911-இல் தொடங்கிய பாலூட்டிக் கணக்கெடுப்பு, பிராணிகளைக் கொன்று தோலும் கபாலமும் சேர்த்து இனங்களைப் பிரித்தறிந்தது. எவ்வெவ் விலங்குகள் உண்டு என்பதை அது காட்டிற்று. அவை எவ்வாறு வாழ்கின்றன என்பதைத் தோல் உரைக்குமோ? 1968-இல் ஜவஹர்லால் நேரு நினைவு உதவித்தொகை பெற்ற கிருஷ்ணன், தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை உயிரோடு கண்டு ஆராயப் புகுந்தார். யானை, காட்டெருது, மிளா, புள்ளிமான் முதலியவற்றின் இரை, கூட்டம், இருப்பிடம் ஆகியவற்றைக் காடு காடாகச் சென்று குறித்தார். கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். இதனிடையே 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அவருடைய ஆராய்ச்சியை அதே சங்கம் 1975-இல் நூலாக்கியது.

சட்டம் எல்லையை வகுக்கலாம். எல்லைக்குள் உயிர் குறைகிறதா, பெருகுகிறதா என்பதற்குச் சாட்சியம் வேண்டும். சாட்சியமற்ற வழக்கு நில்லாது. வடசேரிக்கு வடக்கே எழும் மலைகளில் நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. யானையும் புலியும் அங்கே வாழ்கின்றன. அவற்றுக்காகக் கோஷமிடுவோர் பலர் கிடைப்பர். பொறுமையுடன் நடந்து, கண்டதைக் கண்டபடி எழுதுவோரே அரியர். நாஞ்சில் நாட்டு வாலிபர் சிலரேனும் அப்பணியை மேற்கொள்வார்களாயின், கிருஷ்ணனுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.