கைக்கு அடங்கிய துப்பாக்கி

1930-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. இமயமலைச் சாரலில் காலா அகர் என்ற ஊருக்கு அருகே ஒரு வறண்ட ஓடை. அதில் ஒரு வேட்டைக்காரர் சத்தமில்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருடைய வலது கையில் துப்பாக்கி. இடது கையில் இரண்டு பறவை முட்டைகள்!

ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தவர், வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டடி தூரத்தில் பெண் புலி படுத்திருந்தது. அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது சாதாரணப் புலி அல்ல. சௌகர் என்ற வட்டாரத்தை நடுங்கவைத்த ஆட்கொல்லி. அதுவும் அதன் குட்டியுமாகச் சேர்ந்து 64 பேரைக் கொன்றிருந்தன.

அந்த வேட்டைக்காரர் ஜிம் கார்பெட். அன்று அவர் உயிர் பிழைத்தாரா? எப்படிப் பிழைத்தார்? அதைத் தெரிந்துகொள்ள, அவருடைய கையில் இருந்த துப்பாக்கியின் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெடித்த குழல்

கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிதாலில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊரின் போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி என்று குடும்பம் மாறி மாறி வசித்தது. காலாதுங்கி வீட்டைச் சுற்றிலும் காடு.

ஜிம்முக்கு ஆறு வயது நிறைவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். அண்ணன் டாம்தான் குடும்பப் பொறுப்பை ஏற்றார். சிறுவனுக்குக் காட்டைக் காட்டியவரும் அவரே.

ஜிம்மின் முதல் ஆயுதம் ரப்பர் பட்டை கட்டிய கவண். பிறகு வில். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. அது உறவினர் ஒருவர் கொடுத்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையைக் கம்பி சுற்றி நிறுத்தியிருந்தார்கள்.

இன்று ஒரு பையனிடம் இதைக் கொடுத்தால் வேண்டாம் என்பான். ஜிம்முக்கோ அது ராஜ்யம் கிடைத்தது போல் இருந்தது.

அந்த ஓட்டைத் துப்பாக்கி ஒரு பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தது. ஒரு குழல்தான் வேலை செய்யும். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க வெகு நேரம் ஆகும். மருந்துக்கும் ரவைக்கும் காசு வேண்டும். ஆகவே கண்டபடி சுட முடியாது. அருகில் போக வேண்டும். காத்திருக்க வேண்டும். நிச்சயம் படும் என்று தெரிந்தால்தான் விசையைத் தொட வேண்டும்.

குன்வர் சிங் என்ற கிராமத்துப் பெரியவர் ஜிம்முக்குக் காட்டு வித்தைகளைக் கற்றுக்கொடுத்தார். துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது, மரம் ஏறத் தெரியாதவன் காட்டுக்குள் போகக்கூடாது என்பது அவருடைய உபதேசம்.

தளபதி சொன்ன புத்தி

பத்து வயதில் ஜிம் பள்ளிக்கூடத்து மாணவர் படையில் சேர்ந்தான். அங்கே கொடுத்தது மார்ட்டினி என்ற ராணுவத் துப்பாக்கி. சுட்டால் தோளில் உதை விழும். பெரிய ஆட்களே அதற்குப் பயப்படுவார்கள்.

ஒரு நாள் குறி பார்த்துச் சுடும் பரீட்சை நடந்தது. 200 கெஜ தூரத்தில் இலக்கு. பெரிய அதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். பதற்றத்தில் சிறுவனுடைய குண்டுகள் எங்கேயோ போயின. அப்போது ஒருவர் வந்து அவன் பக்கத்தில் தரையிலேயே படுத்தார். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். குறிபார்க்கும் தகடு சரியான தூரத்துக்கு வைக்கப்படவில்லை. அதைச் சரிசெய்து கொடுத்து, அவசரப்படாமல் சுடும்படி சொன்னார். சொன்னவர் பிற்காலத்தில் ராபர்ட்ஸ் பிரபு என்று புகழ்பெற்ற ராணுவத் தளபதி.

அந்தப் புத்திமதியை கார்பெட் சாகும் வரையில் மறக்கவில்லை. குண்டு தவறினால் குற்றம் எப்போதும் கையிலேயே இருப்பதில்லை. குறித்தகடு தவறாக இருந்தால் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் பொய் சொல்லும். வேட்டைக்குப் போகும் முன் இலக்கு வைத்துச் சுட்டு, தன் துப்பாக்கி எந்தத் தூரத்தில் எங்கே சுடுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

படையின் சார்ஜன்ட் மேஜர் சிறுவனுக்கு ஒரு மார்ட்டினி துப்பாக்கியை இரவல் கொடுத்தார். சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்களின் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கொண்டு காலாதுங்கிக் காட்டில் ஜிம் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான்.

மூன்றே தோட்டாக்கள்

படிப்பு முடிந்ததும் கார்பெட் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்ற இடத்தில் சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலை. சுமார் 20 ஆண்டுகள் அங்கே பாடுபட்டார். லீவு கிடைத்தால் மலைக்கு ஓடி வருவார்.

1907-ல் சம்பாவத் என்ற ஊரைச் சுற்றி ஒரு பெண் புலி மனிதர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. நேபாளத்திலும் குமாயூனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது கணக்கு. அதைச் சுட கார்பெட்டை அழைத்தார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலிக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்துசெய்ய வேண்டும். காட்டில் சுற்றும் மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். காசுக்காகப் புலி சுட்டவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். வேறு யாராவது தவறிச் சுட்டால் தன் உயிர் போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பகுதித் தாசில்தார் கிராம மக்கள் 298 பேரைத் திரட்டினார். மலைமேல் நின்று அவர்கள் சத்தம் போட்டுப் புலியை விரட்டினார்கள். கார்பெட் கீழே காத்திருந்தார். கையில் அரை அங்குலத் துளை உள்ள கனமான இரட்டைக் குழல் துப்பாக்கி. ஆனால் தோட்டாக்களோ மூன்றே மூன்று! இரண்டுக்கு மேல் தேவைப்படாது, ஒன்று அவசரத்துக்கு என்று எண்ணி வந்திருந்தார்.

மூன்றும் தீர்ந்தன. அடிபட்ட புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது! கார்பெட் ஓடினார். தாசில்தாரின் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். அருகில் வந்த பிறகுதான் கவனித்தார். அந்தத் துப்பாக்கியின் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. வாயைக் குறி வைத்துச் சுட்டார். குண்டு பாதத்தில் பட்டது. நல்ல வேளையாக முன்பே பட்ட குண்டுகளால் புலி செத்து விழுந்தது.

பழகாத துப்பாக்கி எப்படிக் கைவிடும் என்பதை அன்று அவர் நேரில் கண்டார்.

தாழ்ப்பாள் துப்பாக்கி

சம்பாவத் மக்களின் உயிரைக் காத்ததற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹிவெட் துரை கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். லண்டனில் உள்ள ரிக்பி கம்பெனியின் தயாரிப்பு. அதன் கட்டையில் பரிசு விவரம் பொறித்த வெள்ளித் தகடு பதித்திருந்தது.

அதற்கு 275 என்று பெயர். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால், அதில் 275 பங்குதான் குழலின் துளை. ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். குண்டின் எடை சுமார் 9 கிராம். சம்பாவத்தில் அவர் பிடித்திருந்த துப்பாக்கியின் துளை இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இது எப்படி வேலை செய்கிறது? வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடியில் உள்ள பெட்டியிலிருந்து புதுத் தோட்டா குழலுக்குள் போகும். பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். கோணல் இல்லை, சிக்கல் இல்லை. சேறும் மழையும் உள்ள காட்டில் இப்படிப்பட்ட எளிய அமைப்புத்தான் நம்பிக்கைக்கு உரியது.

கார்பெட்டிடம் இன்னொரு பெரிய இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தது. அதன் அடி பலமானது. ஆனால் கனம் அதிகம். நாள் முழுவதும் மலை ஏறி இறங்கும் மனிதனுக்கு ஒவ்வொரு பவுண்டும் பாரம். களைத்த கை நடுங்கும். உதைக்குப் பயந்த தோள் குறியைக் கெடுக்கும். புதிதாகத் துப்பாக்கி எடுப்பவர்கள் பெரியதே சிறந்தது என்று நினைப்பார்கள். 275 அந்த நினைப்பைப் பொய்யாக்கிய துப்பாக்கி. சிறிய குண்டுதான். ஆனால் வைத்த இடத்தில் போய்ப் பட்டது.

கண்ணாடியும் கண்ணும்

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கிக் கண்ணாடி வைப்பது உண்டு. தூரத்தில் உள்ளதை அது பக்கத்தில் காட்டும். திறந்த மலைச்சரிவில் நெடுந்தூரம் சுடுவதற்கு அது பேருதவி. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ, அவ்வளவு குறுகலான இடத்தைத்தான் காட்டும். பக்கத்துப் புதரிலிருந்து பாயும் மிருகத்தை அதன் வழியாகத் தேடினால் ரோமம்தான் தெரியும். ஆகையால் அடர்ந்த காட்டுக்குக் கொஞ்சமாகப் பெரிதாக்கும் கண்ணாடியே போதும்.

கார்பெட்டின் 275-ல் கண்ணாடி கிடையாது. பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு சிறு குமிழ். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துச் சுட வேண்டும். அவர் தூரத்தைக் கண்ணாடியால் குறைக்கவில்லை. காலால் நடந்து குறைத்தார். கூரிய கண்ணும் காதும் அவருக்குத் துணை.

இரவில் என்ன செய்வது? ருத்ரபிரயாகையில் ஒரு சிறுத்தை எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. அது இருட்டில்தான் வரும். 1926-ம் ஆண்டு மே 2-ந் தேதி இரவு, யாத்திரைப் பாதை ஓரத்தில் உள்ள மாமரத்தில் கார்பெட் உட்கார்ந்திருந்தார். பல இரவுகள் வீணாகிவிட்டன. கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்து மணி திடீரென்று ஒலித்தது. துப்பாக்கியோடு சேர்த்திருந்த டார்ச் விளக்கின் பொத்தானை அழுத்தினார். சிறுத்தையின் தோள் தெரிந்தது. விசையை அழுத்தினார். அதே கணத்தில் விளக்கு அணைந்துவிட்டது! பொழுது விடிந்த பிறகுதான் சிறுத்தை செத்துக் கிடப்பது தெரிந்தது. கருவி கைவிட்டது. அந்த ஒரு கணத்தைத் தவறவிடாத பயிற்சிதான் காப்பாற்றியது.

ஒற்றைக் கையால்

மறுபடியும் சௌகர் ஓடைக்கு வருவோம். எட்டடியில் புலி. இடது கையில் பக்கி என்னும் இராப்பறவையின் முட்டைகள். ஓடையில் இறங்கும்போது தரையில் கண்டு எடுத்தவை. முட்டை சேகரிப்பது அவருக்குச் சிறு வயதுப் பழக்கம்.

துப்பாக்கி முனையோ வேறு பக்கம் பார்த்திருந்தது. சட்டென்று திரும்பினால் புலி பாய்ந்துவிடும். கார்பெட் மூச்சை அடக்கிக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பினார். முக்கால் வட்டம் திருப்ப வேண்டும். கை நீண்டு வலித்தது. புலி அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் முனை புலிக்கு நேராக வந்தது. சுட்டார். புலியின் தலை முன்னங்கால்களின் மேல் சாய்ந்தது.

அன்று அவர் கையில் இருந்தது 275. அதுவே அந்தக் கனமான இரட்டைக் குழலாக இருந்திருந்தால், ஒரு கையால் திருப்பியிருக்க முடியாது. முட்டைகளும் உதவின. இடது கை சும்மா இருந்திருந்தால், பதறித் திரும்பியிருப்பார், புலியும் பாய்ந்திருக்கும். குறைகளாகத் தோன்றியவையே அவரைக் காத்தன.

அதன் பிறகு கார்பெட் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? முட்டைகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அரை மணி கழித்துப் பார்த்தபோது தாய்ப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது.

வைத்துவிட்ட துப்பாக்கி

கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைவிட சினிமா காமிராவையே அதிகம் விரும்பினார். காட்டு மிருகங்களைப் படம் எடுத்தார். புலிகள் அழிந்துபோகும் என்று எச்சரித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய அவரும் பாடுபட்டார். 1944-ல் வெளிவந்த அவருடைய குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் உலகம் முழுவதும் பரவியது.

1947-ல் அவரும் சகோதரி மாகியும் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குச் சென்றார்கள். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அங்கே அவர் காலமானார். அவர் பாடுபட்ட பூங்காவுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். 1972-ம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் வேட்டையைத் தடுத்தது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் கார்பெட் பூங்காவில்தான் தொடங்கியது.

அந்த 275 துப்பாக்கியை 2015-ல் ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. வெள்ளித் தகடு இன்னும் அதில் இருக்கிறது. அதை விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் ஓடை மணலில் ஒற்றைக் கையால் அதைத் திருப்பிய பொறுமையைக் கடையில் வாங்க முடியாது. அது குழல் பிளந்த பழைய துப்பாக்கியோடு காட்டில் காத்திருந்த சிறுவன் சம்பாதித்த சொத்து.