கிராமபோன் தந்த எமில் பேர்லினர்

எம்மூர்க் கோயில்களிலே கொடியேறிவிட்டால் ஒலிபெருக்கிக்காரரும் வந்து சேரும் காலமொன்று இருந்ததை மூத்தோர் நன்கறிவர். மரக்கிளையிலே குழாய் கட்டப்படும். கொட்டகை ஓரத்து மேசையில் இசைத்தட்டுப் பெட்டியும் அதனருகே மைக்கும் இருக்கும். விடியற்புறத்தில் கே. பி. சுந்தராம்பாளின் குரல் வயல்வெளி கடந்து கேட்கும். பூசை நேரம் வந்ததும் தட்டை நிறுத்திவிட்டு அதே குழாய் வழியே அறிவித்தல் சொல்லுவார்கள். அம்மேசையிலிருந்த இரண்டு பொருள்களும், இசைத்தட்டும் மைக்கும், ஒரே மனிதரின் உழைப்போடு தொடர்புடையவை என்பதை எம்மிற் பலர் அறியார். அவர் பெயர் எமில் பேர்லினர். எடிசனைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். பேர்லினரை அறிந்தவர் அரியர். இக்குறையை இயன்றளவு போக்கவே இச்சரிதத்தை எழுதப் புகுந்தோம். பழைய இசைத்தட்டுகளில் மீண்டும் நாட்டங்கொண்டு பாட்டனாரின் பெட்டியைத் திறக்கும் இளைஞர்க்கும் இது பயன்படுமென்று நம்புகிறோம்.

பேர்லினர் 1851ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரிலே யூத வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் தம் சமயநூல்களைக் கற்றவர். தாயார் சாரா இசையில் விருப்புடையவர். அவர்களுக்குப் பிள்ளைகள் 13 பேர். இத்தனை பேருக்குச் சோறிட வேண்டிய வீட்டில் ஒருவர் நெடுங்காலம் படித்துக்கொண்டிருக்க முடியுமா? பதினான்கு வயதோடு எமிலின் பள்ளிப்படிப்பு முடிந்தது. முதலில் அச்சுக்கூடமொன்றிற் சம்பளமில்லாத எடுபிடி வேலை. பின்னர் துணிக்கடையில் வேலை. அச்சுக்கூடத்தில் அவர் கழித்த நாள்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. படையிற் சேர்க்கப்படுவதைத் தவிர்த்து, 19 வயது இளைஞரான பேர்லினர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வாஷிங்டனிற் குடும்ப நண்பரொருவரின் கடையில் வேலை கிடைத்தது. பின் நியூயோர்க் சென்று கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். பின்னாளிற் சக்கரின் என்னும் இனிப்புப் பொருளைக் கண்டறிந்த பால்பேர்க் என்பாரின் ஆய்வுகூடத்திற் போத்தல் கழுவியதும் அவற்றுள் ஒன்று. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவிலே கூப்பர் கல்விநிலையத்திற் பாடங்கேட்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை.

1876இல் கிரகாம் பெல் தொலைபேசியை உலகுக்குக் காட்டினார். அதிலே குரல் மிக மெலிந்து கேட்டது. வாஷிங்டனுக்குத் திரும்பியிருந்த பேர்லினர் தம் வாடகை அறையிலே இருந்தபடி இக்குறையை ஆராய்ந்தார். இரண்டு மின்கடத்திகள் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கையில், குரலின் அதிர்வால் அழுத்தம் கூடிக்குறைய, மின்னோட்டமும் கூடிக்குறையும் என்று கண்டு 1877இல் ஒரு கருவியைச் செய்தார். மைக்கிரபோனின் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று. எடிசனும் ஹியூஸ் என்பாரும் இத்துறையில் உழைத்தவர்களே. அதனால் எழுந்த வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. பெல் நிறுவனம் பேர்லினரின் உரிமையை வாங்கி அவரையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. சில ஆண்டுகளின் பின் அவ்வேலையை விட்டு மீண்டும் வாஷிங்டனில் தனித்து ஆராயத் தொடங்கினார்.

இனி எம் கதைக்கு நடுநாயகமான காரியத்துக்கு வருவோம். ஒலியை முதலிற் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்தவர் எடிசனே. அது 1877இல் நிகழ்ந்தது. அவர் பதிந்தது ஓர் உருளையிலே. ஊசி மேலுங்கீழுமாகக் குத்திச் செல்லும். உருளையைப் படியெடுப்பது அக்காலத்திற் பெரும் பாடாயிருந்தது. பாடகர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. பேர்லினர் உருளையை விட்டுத் தட்டையான வட்டத்தகட்டை எடுத்தார். ஊசி பக்கவாட்டில் அசைந்து, சுருண்டு செல்லும் ஒரே கோட்டை வரையும்படி செய்தார். இக்கருவிக்கு 1887இற் காப்புரிமை பெற்று, 1888 மே 16ஆம் திகதி பிலடெல்பியாவின் பிராங்ளின் கழகத்திலே அறிஞர் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார்.

துத்தநாகத் தகட்டின்மேல் மிக மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு. ஊசி கீறிய இடத்தில் மெழுகு விலகும். குரோமிக் அமிலத்தில் இட்டால் விலகிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அத்தகட்டிலிருந்து மின்முலாம் முறையால் ஓர் எதிர் அச்சை எடுத்து, சூடாக்கி இளக்கிய பொருளிலே அழுத்தினால் ஒரு தட்டு. மீண்டும் அழுத்தினால் மற்றொன்று. ஒருமுறை பாடினாற் போதும், ஆயிரம் வீடுகளிற் பாடும். அச்சுக்கூடத்தில் எடுபிடியாய் நின்ற சிறுவனல்லவா ஒலிக்கும் அச்சுக்கோத்தான் என்று நாம் எண்ணுகிறோம். எடிசன் ஒலியைப் பிடித்தார். பேர்லினரோ அதனைப் பதிப்பித்தார். எமது கருத்தில் இரண்டாவது செயல் முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

முதலில் வன்மையான இறப்பரில் தட்டுகள் செய்யப்பட்டன; அவை சீராக அமையவில்லை. 1897 அளவில் பொத்தான் செய்யும் தொழிலிலிருந்து வேறொரு பொருள் வந்தது. அதுதான் அரக்கு. துரியோதனன் பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு! பலாசு முதலிய மரங்களிலே சிறு பூச்சிகள் சுரப்பது. உலகுக்கு வேண்டியதிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. அதனோடு கற்பொடியும் கரியும் பஞ்சுநாரும் கலந்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 முறை சுழலும் கரிய தட்டுகளைச் செய்தனர். கற்பொடி சேர்ப்பது ஏனெனில், உருக்கு ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவுக்குப் பொருந்துவதற்காம். ஆகவே தான் பழைய கிராமபோனில் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றுவார்கள்.

இவ்விடத்தில் இளைஞர்க்குச் சில வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுவோம். 1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பொருளில், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீள்தட்டை வெளியிட்டது. அரக்குத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடத்தில் முடியும். நீள்தட்டோ இருபது நிமிடத்துக்கு மேலும் பாடும். அரக்குத்தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குரிய ஊசிமுனை வினைலுக்குரியதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே புதுக் கருவி வாங்குவோர் பாட்டனாரின் தட்டையும் போட விரும்பினால், 78 வேகம் அதில் உண்டா, அதற்குரிய ஊசி கிடைக்குமா என்று கேட்டே வாங்குக. வினைல் தட்டைச் சாவிகொடுக்கும் பழைய பெட்டியில் ஏற்றவே கூடாது. பாரமான உருக்கு ஊசி ஒரே முறையில் அதை உழுதுவிடும். அரக்குத்தட்டை மதுசாரம் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்குக் கரைந்துபோம். கருவி சமமான மேசையில் இருக்கவேண்டும். ஊசியின் பாரத்தைச் செய்தவர் குறித்த அளவில் வைக்கவேண்டும். தட்டை விளிம்பிலே பிடித்து, தூசி துடைத்து, நிமிர்த்தி அடுக்குக. எமது வெயிலில் வினைல் வளையும். மாரியில் உறையிலே பூஞ்சணம் பிடிக்கும். தட்டைப் போட்டபின் அந்த இருபது நிமிடமும் வேறு வேலை பாராது இருந்து கேட்பது இன்னும் நல்லது.

சரிதத்துக்கு மீள்வோம். பேர்லினரின் முதற் கருவிகளைக் கையாற் சுற்றவேண்டியிருந்தது. கை தளர்ந்தாற் பாட்டும் தளரும். கேம்டன் நகரத்து எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் 1896 அளவிற் சுருள்வில் விசையைச் செய்து கொடுத்தார். வியாபாரம் பெருகிற்று. 1898இல் பேர்லினரும் சகோதரர் ஜோசப்பும் ஹனோவரிலே தட்டுத் தொழிற்சாலையை நிறுவினர். இலண்டனிலும் கிராமபோன் கம்பனி எழுந்தது. ஆனால், விற்பனைக்கு அமர்த்தப்பட்டிருந்த சீமன் என்பாரோடு பிணக்கு மூண்டு, 1900இல் நீதிமன்றத் தடையுத்தரவால் பேர்லினர் தமது கருவியை அமெரிக்காவில் தாமே விற்கமுடியாத நிலை வந்தது. கனடாவின் மொன்றியலுக்குத் தொழிலை மாற்றினார். ஜோன்சன் 1901இல் விக்டர் நிறுவனத்தை அமைத்துப் பெருஞ்செல்வரானார். கிராமபோன் என்று பேர்லினர் வைத்த பெயர்கூட அமெரிக்காவில் வழக்கொழிந்தது. எடிசனின் போனோகிராப் என்னும் சொல்லே அங்கே நிலைத்தது. எம்மவர் வாயிலோ இன்றும் கிராமபோன் தான்!

அவர் செய்த தட்டு எம் பக்கத்துக்கு வந்த வகையும் சுவையானது. அவரிடம் பணியாற்றிப் பின் இலண்டன் சென்ற பிரெட் கைஸ்பேர்க் 1902 நவம்பரிற் கல்கத்தாவிலே கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்திற் சொல்லுவார். கடல்கடந்து ஹனோவரில் தட்டை அழுத்துவோர் யார் பாடியதென்று அறியவே இந்த ஏற்பாடு. இந்தியாவின் அரக்கு அங்கே போய், இந்தியாவின் பாட்டைத் தாங்கித் திரும்பி வந்தது. 1908இற் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைந்தது.

பொருள் வந்தபின் பேர்லினர் ஓய்ந்திருக்கவில்லை. தம் பெண்குழந்தை நோயுற்றதைக் கண்டபின், கெட்ட பாலாற் பச்சிளங் குழந்தைகள் மடிவதைத் தடுக்கப் பல்லாண்டு பாடுபட்டார். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கவேண்டுமென்று வாஷிங்டன் நகரத்தாருக்கு ஓயாது எடுத்துரைத்தார். சிறுவர்க்குச் சுகாதாரப் பாட்டுகளும் எழுதினார். தாயார் பெயரில், ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு உதவிநிதி வைத்தார். மகன் ஹென்றியோடு ஹெலிகொப்டர் முயற்சியிலும் ஈடுபட்டார். இவற்றுள் எமக்குப் பெரிதாய்த் தோன்றுவது பாற்பணியே.

1929ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, 78ஆம் வயதில், வாஷிங்டனிலே காலமானார். ஈமச்சடங்கை ஆடம்பரமின்றி நடத்துமாறு முன்னரே எழுதிவைத்திருந்தார். பெருஞ்செலவை வீண் என்று வெறுத்த அவர், கைக்குழந்தையுள்ள ஏழைத் தாய்மாருக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கும்படியும், பொழுது சாயும் வேளையிற் புதைக்கும்படியும் வேண்டியிருந்தார். இசையும் கேட்டிருந்தார். அதற்கு எந்தத் தட்டையும் அவர் குறிக்கவில்லை. மகள் அலிஸ் பியானோவில் பேத்தோவனின் நிலவொளி சொனாற்றாவின் முதற்பகுதியை வாசிக்கவேண்டுமென்றே குறித்திருந்தார்.