மீட்டரில் 80, மேப்பில் 75... எது உண்மை? பதிலுக்கு அடித்தளம் போட்ட புக் பைண்டிங் பையன் ஃபாரடேயின் கதை

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி ஆம்பூர் நோக்கிப் போனால் மாதனூர் வரும். இந்த மாதிரி ரோட்டில் கார் மீட்டர் 80 காட்டும். பக்கத்தில் மாட்டியிருக்கும் செல்போன் மேப்போ 75 என்று சொல்லும். எதை நம்புறது?

நேரான ரோட்டில் ஒரே சீராகப் போகும்போது, பெரும்பாலும் மேப் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அதுக்காக மீட்டர் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அதைத் தயாரிக்கிறார்கள். அந்த முள்ளுக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம், கார்ல் பென்ஸ் காருக்குக் காப்புரிமை வாங்குவதற்கு 19 வருடம் முன்பே இறந்துபோன மைக்கேல் ஃபாரடேயுடையது.

தோல் அட்டை போட்ட கை

1791 செப்டம்பர் 22-ல் லண்டனை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸில் ஃபாரடே பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்பு முடியாமல் போகிறவர். வீட்டில் வறுமை. படிப்பு என்றால் எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான். 14 வயதில் ஜார்ஜ் ரிபோ என்பவரின் புக் பைண்டிங் கடையில் ஏழு வருட ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

தோல் வேலை எப்படிப்பட்டது என்று மாதனூர், ஆம்பூர் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் நல்ல புத்தகங்களுக்குத் தோல் அட்டைதான் போடுவார்கள். கடைக்குத் தைக்க வந்த புத்தகங்களை ஃபாரடே தைத்ததோடு விடவில்லை, படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரையும், ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் புத்தகமும் அவரைப் பிடித்துக்கொண்டன.

1812-ல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் எழுதி, தன் கையாலேயே அழகாக பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். சிபாரிசு செய்ய ஆள் இல்லாதவருக்கு அந்த பைண்டிங்தான் சிபாரிசு. 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

ஆனா மரியாதை உடனே கிடைக்கவில்லை. டேவியோடு ஐரோப்பா சுற்றியபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரர் போலவே நடத்தினார். 1821-ல் மின்சாரத்தைக் கொண்டு கம்பியைச் சுற்ற வைத்தபோது, வொல்லஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் யோசனையை எடுத்துக்கொண்டதாகப் பேச்சு கிளம்பியது. 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது எதிர்த்தவர் யார் தெரியுமா? வேலை கொடுத்த அதே டேவி. எதிர்ப்பையும் மீறி ஃபாரடே தேர்வானார்.

ஒட்டாத செம்பு இழுத்தது எப்படி?

அதே 1824-ல் பிரான்ஸில் அராகோ ஒரு வேடிக்கையைக் கவனித்தார். செம்புத் தட்டைச் சுழற்றினால், மேலே தொங்கும் காந்த ஊசி தொடாமலேயே கூடச் சுற்றுகிறது. செம்பில் காந்தம் ஒட்டாதே! ஏழு வருடம் யாரிடமும் சரியான விளக்கம் இல்லை.

1831 ஆகஸ்ட் 29-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடே, அக்டோபரில் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார். காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் நகர்ந்தால் அதற்குள்ளேயே மின்சாரம் சுழலும். அந்த மின்சாரமும் காந்தம் போல நடந்துகொண்டு இழுக்கும். வேகம் கூடினால் இழுப்பும் கூடும். உயர்கணிதம் தெரியாமலேயே இதைப் பிடித்தார். சமன்பாடுகளைப் பின்னால் மேக்ஸ்வெல் எழுதினார்.

இந்த இழுப்பை வைத்துத்தான் 1902-ல் ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸ ஸ்பீடோமீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றி அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தோடு முள், முள்ளைத் திருப்பி இழுக்க மெல்லிய ஸ்பிரிங். பழைய அம்பாசிடரில் முள் ஆடிக்கொண்டே ஏறியது இப்படித்தான். வீட்டுச் சுவரில் சுற்றிய பழைய கரண்ட் மீட்டர் தட்டும் இதே குடும்பம்தான்.

சரி, தப்பு எங்கே வருது?

காந்தத்தின் வலு குறையும், ஸ்பிரிங் தளரும். அதைவிட முக்கியம் டயர். மீட்டர் ரோட்டைப் பார்ப்பதில்லை, சக்கரம் சுற்றுவதைத்தான் கணக்கு வைக்கிறது. 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் டயர் 6 மி.மீ. தேய்ந்தால், அதே வேகத்தில் சக்கரம் 2 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். 100-ல் போனால் 102 காட்டும்.

ஐ.நா.வின் வாகன விதி 39 இதற்கு எல்லை வைத்திருக்கிறது. உண்மை வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் 10 சதவீதமும் மேலே 4 கி.மீ.யும்தான் உச்சம். உண்மையில் 80-ல் போகும் காரில் முள் 92 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான்.

குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. ஸ்டைலுக்காகப் பெரிய டயர் மாட்டினால் அதுவே நடக்கும். உண்மை வேகம் 10 சதவீதம் கூடினால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் 21 சதவீதம் கூடிவிடும்.

இப்போது டிஜிட்டல் மீட்டர்தானே என்கிறீர்களா? சக்கரத்தில் இருக்கும் சென்சார்களில் ஒரு வகை, காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு ஃபாரடேயின் 1831 விதிப்படியே வேலை செய்கிறது. எண் பளிச்சென்று தெரியும். டயர் கணக்கு மாறினால் அதுவும் தப்பாகத்தான் காட்டும்.

ஃபாரடே சர் பட்டத்தை வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். கடைசிக் காலத்தில் ஞாபக மறதி அவரை மிகவும் வாட்டியது. 1858-ல் விக்டோரியா மகாராணி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், 1867 ஆகஸ்ட் 25-ல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். லண்டன் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.