பரண் மேல் சரித்திரம் தேடிய ராஜ்வாடே

தர்ப்பணம் செய்யும்போது மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறோம். நான்காவது தலைமுறையில் இருந்தவர் யார், எந்த ஊர், என்ன உத்தியோகம் என்று குழந்தைகள் கேட்டால் நம்மில் பலர் விழிக்கத்தான் செய்வோம். ஆனால், ஊரார் வீட்டு முன்னோர்களின் காகிதங்களைத் தேடியே வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர் புணேயில் இருந்தார். கோந்த்வா முதலிய புணேப் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியவர் அவர். பெயர் விஸ்வநாத் காசிநாத் ராஜ்வாடே.

1863-ல் பிறந்த ராஜ்வாடே சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். உறவினர் ஆதரவில் வளர்ந்து, டெக்கான் கல்லூரியில் பட்டம் பெற்று, சில காலம் ஆசிரியராக இருந்தார். மனைவி இளமையிலேயே காலமாகிவிட, மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆங்கிலம் நன்கு கற்றிருந்தும் மராட்டியிலேயே எழுதுவது என்று உறுதி பூண்டார்.

கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள வாயி என்னும் ஊரில், ஒரு குடும்பத்தாரிடம் இருந்த பழைய கடிதக் கட்டு அவர் பார்வைக்கு வந்தது. 1761-ல் நடந்த பானிபட் போரையும் அதற்கு முந்திய ஆண்டுகளையும் பற்றிய கடிதங்கள் அவை. 1898-ல் அவற்றை முதல் தொகுதியாக வெளியிட்டார். மராட்டியர் வரலாற்றுச் சான்றுகள் என்ற அந்த வரிசை 22 தொகுதிகளாக வளர்ந்தது.

அதன்பின் ஊர் ஊராக அலைந்தார். பெரும்பாலும் தாமே சமைத்துச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் தங்கினார். காகிதத்தை வெளியில் காட்டினால் நிலபுலனுக்கு வம்பு வருமோ என்று பல குடும்பத்தார் அஞ்சினர். வேறு வீடுகளில் அவை கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்தன.

கிடைத்தவற்றைப் படிப்பதும் எளிதன்று. அவை கூட்டெழுத்தான மோடி லிபியில் இருந்தன. பல கடிதங்களில் மாதமும் தேதியும் இருக்கும், வருஷம் இராது. கடிதத்தில் வரும் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். நமக்கும் இந்தச் சங்கடம் உண்டு. தாத்தா பிரபவ வருஷம் பிறந்தார் என்றால் அது 1867-ஆ, 1927-ஆ? ஜாதகம், நிலப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மோடி லிபி நம் தஞ்சாவூருக்கும் புதிதன்று. மராட்டிய மன்னர்களின் மோடி ஆவணங்கள் சரஸ்வதி மஹாலில் உள்ளன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-ல் தம் வம்ச சரித்திரத்தைப் பெரிய கோயில் சுவரிலேயே பொறித்து வைத்தார். மன்னருக்குக் கற்சுவர் இருந்தது. சாமானியர் வீட்டுக்கு டிரங்குப் பெட்டிதானே உண்டு!

சேர்த்தவை தம்மோடு அழியக் கூடாது என்பதற்காக ராஜ்வாடே 1910-ல் புணேயில் பாரத இதிஹாஸ ஸம்சோதக மண்டலத்தை நிறுவினார். சதாசிவ் பேட்டையில் அது இன்றும் இயங்குகிறது. ஜாதிகளைப் பற்றிய அவருடைய சில முடிவுகளைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர்களும் அவர் சேர்த்த காகிதங்களைப் பயன்படுத்தவே செய்தார்கள். 1926 டிசம்பர் 31 அன்று துளே நகரில் அவர் காலமானார்.

வீடு மாறும்போது பழைய பெட்டியை அப்படியே காகிதக் கடைக்குப் போட்டுவிடுகிறோம். அடுத்த முறை அதைத் திறந்து பாருங்கள். புகைப்படங்களின் பின்புறம் பெயரும் ஊரும் எழுதுங்கள். பாட்டிகளின் பிறந்த ஊரையும் மறவாமல் குறியுங்கள், பெரும்பாலும் முதலில் மறைவது அதுதான். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.