பழ ஈயிடம் நரம்பின் ரகசியம் கேட்டவர்: யார் இந்த ஒபைத் சித்திகி?

மாட்டுங்கா மார்க்கெட்டில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈக்களை எத்தனையோ தடவை விரட்டியிருப்பீங்க. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஈயை வைத்தே ஆராய்ந்தவர் ஒபைத் சித்திகி.

1932-இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் பிறந்தவர், கிளாஸ்கோவில் மரபியல் படித்தார். 1962-இல் ஹோமி பாபா அழைக்க, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார்.

1970-களில் அமெரிக்காவில் சீமோர் பென்சருடன் சேர்ந்து சில விசித்திர ஈக்களை ஆராய்ந்தார். சூடு ஏறினால் பொத்துன்னு விழுந்துடும், குளிர்ந்தால் எழுந்துடும். காரணம், ஒரே ஒரு மரபணுவில் பிழை. மரபணு என்பது செல்லுக்குள் புரதம் செய்வதற்கான குறிப்பு. குறிப்பு தப்பினால் புரதமும் தப்பும். சூட்டில் அது செயலிழக்க, நரம்பின் வேலை நின்றுபோகும்.

மும்பையில் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸுடன் ஈயின் சுவை, வாசனை உணர்வுக்கான மரபணுக்களைத் தேடினார். பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார். 2013-இல் சாலை விபத்தில் அடிபட்டு மறைந்தார்.

அந்த ஈக்களில் ஒருவகையிடம் கெட்டுப்போயிருந்தது, நரம்பு செல்லுக்குள் சோடியத்தை விடும் வாசல் என்று பின்னாளில் தெரிந்தது. அதே வகை வாசல் நமக்கும் உண்டு. அதன் மரபணுவில் பிழை இருந்தால் சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். நாமோ இன்னும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். வலிப்பு என்பது மூளை செல்களின் மின்சாரக் கோளாறு. சாவி அதை நிறுத்தாது. டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.